அம்மா மறந்த வாளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் கல்யாணமே அந்தக் கோபத்தில் நடந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு நான் முதன்முதலாக அனுப்பிய கதையைப் பாதிக்குமேல் வெட்டிப் போட்டிருந்தார்கள். வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், "என் கதையில எந்த மகராசன் கை வெச்சது?" என்று கேட்டேன். மூலை மேசையிலிருந்து உதவி ஆசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். "நல்லா இருந்தத நான் தொடவே இல்லைங்க. மத்தத எடுத்துட்டேன், அவ்வளவுதான்" என்றார். என் அசலையும் அச்சில் வந்ததையும் அவர் மேசையிலேயே பரப்பி வரிவரியாகச் சண்டை போட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது, அவர் வெட்டியதில் முக்கால்வாசி சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சலிலேயே அவரைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு எங்கள் வீட்டில் அதுவே வழக்கமானது. நான் எழுதித் தருவேன். அவர் அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போவார். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு கிடைக்கிற நேரத்தில் திருத்தி, தட்டச்சு செய்து கொண்டுவருவார். சாப்பாட்டு மேசையில் இடது பக்கம் என் பிரதி, வலது பக்கம் அவர் பிரதி. நான் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு மேலிருந்து இறங்குவேன். சம்மதம் என்றால் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி, கூடவே ஒரு சண்டை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பழகிய கண் என்னுடையது. ஒரு காற்புள்ளி காணாமல் போனாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

திருத்துவதில் அவருக்கு விதி உண்டு. தன் சரக்கு எதையும் சேர்க்கமாட்டார். "நான் கத்தரி. துணி உன்னோடது" என்பார். தலைப்பையும் எழுதியவர் பேரையும் தொடவே மாட்டார். அப்புறம், 'ஏதோ' என்ற சொல் அவருக்கு ஆகவே ஆகாது. "ஏதோ சத்தம், ஏதோ வாசனை, இதெல்லாம் எழுதுறவங்க சோம்பேறித்தனம். என்ன சத்தம்? தெரிஞ்சா எழுது. தெரியலன்னா வரியையே எடு." அடிக்கோடு போட்டு ஓரத்தில் 'என்ன?' என்று எழுதுவார். நிருபர்களையும் நிம்மதியாக விடமாட்டார். போன் போட்டு, "லாரி மோதிச்சுன்னு இருக்கு. காலி லாரியா, சரக்கு லாரியா?" என்று கேட்பார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

எங்கள் மகளுக்கு நான் வைத்த பட்டாணி என்ற பேர்தான் நிலைத்தது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். பேச ஆரம்பித்த பிறகும் ஆள்தான் சின்னது, வாய் என்னவோ என்னைவிடப் பெரிது. இரவு வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். நான் நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பேன். அவர் பட்டாணியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார், அவள் பஸ் வரும்வரை ஓயாமல் கை ஆட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய அக்கா, என் நாத்தனார், வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அக்கா வரும்வரை அவர் தூங்காமல் இருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தபோது பால்கனியில் யாரும் இல்லை. நான் காயப்போட்ட துணிதான் ஆடிக்கொண்டிருந்தது. மனிதர் அசந்து உட்கார்ந்துவிட்டார் போல என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் போன் வந்தது. பட்டாணி பால்கனியிலிருந்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பால்கனிச் சுவர் அவள் தலைக்கு மேல் இருக்கும். எப்படி ஏறினாள் என்று எல்லோரும் கேட்டார்கள். போலீஸ்காரரிடம் என் கணவர் சொன்னார்: "துணி காயப்போட்ட வாளி அங்கேயே கவுந்து கெடந்துச்சு சார். அது மேல ஏறியிருக்கா. நான் அசதியில தூங்கிட்டேன்." அவ்வளவுதான். துணி காயப்போட்டது யார்? நான். அவரைப் பார்த்து எல்லோரும், ராத்திரி முழுக்கக் கண் விழித்து வந்த மனுஷன், பாவம் என்றார்கள். வாளியை என் தலையில் கட்டினார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அது என் தலையிலேயே இருந்தது. நாத்தனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "விடும்மா, வேணும்னா செஞ்ச? அவசரத்துல மறந்துட்ட" என்பார். ஆறுதல் சொல்லிக்கொண்டே குத்துவதற்குத் தனித் திறமை வேண்டும். திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் இருந்தது, ஆனால் பதில் இல்லை. எனக்கு ஞாபகமே இல்லை. துணி காயப்போட்ட கையோடு வாளியைக் குளியலறையில் கொண்டுபோய் வைப்பது என் பழக்கம். அன்றைக்கு வைத்தேனா? மாத்திரை அட்டையை வெட்டும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் அந்தக் காலையை ஓட்டி ஓட்டிப் பார்ப்பேன். கடைசித் துணியை உதறுவது வரைக்கும் வரும். வாளியிடம் வந்ததும் அறுந்துபோகும். அது ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு, வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. அவர் சொன்னதையே கடைசியில் நம்பினேன். காலி லாரியா, சரக்கு லாரியா என்று கேட்கிற ஆள் வாளி விஷயத்தில் தப்பாகவா சொல்லப் போகிறார்.

இப்படி இருக்கும்போது ஒரு மாத இதழிலிருந்து ஒரு பக்கக் கதை கேட்டார்கள். பட்டாணி போன பிறகு நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், எந்தப் பக்கம் போனாலும் வாளியில்தான் போய் முட்டியது. சரி, வந்து தொலை என்று அதையே எழுதினேன். 'அம்மா மறந்த வாளி' என்று தலைப்பு. அம்மா வாளியை பால்கனியில் கவிழ்த்துவிட்டு ஓடுகிறாள், அப்பா தூங்குகிறார், குழந்தை ஏறுகிறது. அந்த அம்மாவைக் கதையில் நன்றாக நாலு சாத்து சாத்திவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

அவரிடம் கொடுத்தேன். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வழக்கமாக மறுநாளே திருத்தி வந்துவிடும். இது வரவில்லை. கேட்டால், "இன்னும் உக்காரல" என்றார். கடைசியில் எனக்குக் கடை விடுமுறையான ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை நான் எடுத்து வைத்ததும், என் தாளையும் திருத்திய தாளையும் மேசையில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நாத்தனாரும் வந்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து, துவைத்து வைத்திருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் என் பிரதியை இடது பக்கம் வைத்து ஸ்கேலை எடுத்தேன்.

என்னுடையது: 'அன்றைக்கும் அம்மாவுக்கு நேரமாகிவிட்டது, அவள் அவசரத்தைப் பார்த்துக் கடிகாரம்கூடச் சிரித்தது.' அவருடையது: 'அம்மாவுக்கு நேரமாகிவிட்டது.' டிக். முன்பாக இருந்தால், கடிகாரத்துக்குப் பல் எத்தனை என்று கேட்டுக் கிண்டல் செய்திருப்பார்.

என்னுடையது: 'ஈரத் துணிகள் அவளைச் சபிப்பது போலச் சொட்டின.' அவருடையது: 'துணிகள் சொட்டின.' அதற்கும் டிக்.

என்னுடையது: 'பாவி, வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு ஓடினாள்.' ஸ்கேலை வலது பக்கம் நகர்த்தினேன். அந்த வரியைக் காணோம். 'அம்மா கிளம்பினாள்' என்று மட்டும் இருந்தது. வாளியை முன்னாலேயே காட்டினால் முடிவு தெரிந்துவிடும், அதனால் பின்னால் தள்ளியிருக்கிறார் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு டிக் போட்டேன்.

அடுத்து என்னுடையது: 'அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை ஏதோ சத்தம் கேட்டு பால்கனிக்குப் போனது. எதையோ எட்டிப் பார்க்க வாளியில் ஏறியது.' அவருடையது இப்படி இருந்தது:

'குழந்தை குளியலறையிலிருந்து வாளியை இழுத்து வந்தாள். கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்திருந்ததால் அது நேராக வரவில்லை. தரையில் கரகரவென்று உரசியது. "சத்தம் போடாத, அப்பா தூங்கணும்" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு அவள் வாளியைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். அறை வாசலில் நின்று அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.'

படித்ததும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. சத்தம் போடாதே என்றதும் வாளியைத் தூக்கிக்கொள்கிற பிள்ளை. அந்த ஒரு வரிக்கு முன்னால் என் பக்கம் முழுக்கச் சும்மா ஒப்பாரி. கை தானாக டிக் போட்டது. டிக்கின் வாலை இழுத்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

இந்த மனிதர் எதையும் சேர்க்கமாட்டாரே. இத்தனை வருஷத்தில் என் கதைகளில் ஒரு காக்காயைக்கூட இவர் சேர்த்ததில்லையே.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எது?"

"கைப்பிடி."

"அந்த வாளிக்குக் கைப்பிடி பிஞ்சுதானே இருந்துச்சு."

"அது எனக்கும் தெரியும். வயித்தோட அணைச்சுக்கிட்டு நடந்தான்னு இருக்கு. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கதைதானே. ஒரு கற்பனை."

"உங்களுக்கா?" எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. "கடிகாரம் சிரிச்சதையே தாங்க முடியாதவரு நீங்க. உங்களுக்குக் கற்பனை எப்ப வந்துச்சு?"

நாத்தனார் மடிப்பதை நிறுத்தாமலே, "இப்ப எதுக்கு அதப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்க? அவன் திருத்திக் குடுத்துட்டான்ல, அனுப்பிட்டு வேலையப் பாப்பியா" என்றார்.

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. அன்னிக்கு வாளி எங்க இருந்துச்சு? பால்கனியிலயா, குளியலறையிலயா? அத மட்டும் உங்க தம்பி சொல்லட்டும்."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் ஊரைக் கூட்டிவிடுவேன். அன்றைக்குக் குரலே ஏறவில்லை. ஸ்கேலை அந்த வரியின் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளியலறையில" என்றார்.

நாத்தனார் கையில் இருந்த தலையணை உறையை மடியில் போட்டார். "என்னடா சொல்ற?"

"நான் தூங்கல அக்கா. படுத்திருந்தேன். கண்ணு எரிஞ்சுது. இழுத்துக்கிட்டு வந்த சத்தம் கேட்டுச்சு, அதட்டினேன். அப்புறம் வாசல் பக்கம் பாத்தேன், தூக்கிக்கிட்டு நின்னா. விளையாடப் போறான்னு நெனச்சேன்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "போலீஸ்காரர் கேட்டப்ப வாயில அப்படி வந்துருச்சு. உன்ன மாட்டிவிடணும்னு சொல்லல. தூங்கிட்டேன்னு சொன்னதும் எல்லாரும் விட்டுட்டாங்க. ஒரு தடவ சொன்ன பிறகு எப்படி மாத்துறது?"

"ராத்திரி பூரா அடுத்தவங்க எழுதினத மாத்துறதுதானே உங்க வேலை?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் காட்டினார். "இத எடுத்து வெச்சுட்டு தினம் தினம் உக்காருவேன்" என்றார். "வாளிய அங்கேயே கவுத்துட்டு ஓடினாங்கற வரிகிட்ட வந்ததும் கை நின்னுரும். தப்புன்னு தெரியுது. தப்புன்னு தெரிஞ்ச வரிய என்னால அச்சுக்கு விட முடியல."

எனக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா வந்து வந்து என்னைக் குத்தும்போது பக்கத்து அறையில் இருந்தவர். நான் பாதித் தூக்கத்தில் எழுந்து, வாளியை எடுத்து வெச்சேனா, வெச்சேனா என்று கேட்கும்போது என் முதுகைத் தடவிக்கொடுத்தவர். பெண்டாட்டியை அப்படியே விட முடிந்திருக்கிறது, ஒரு தப்பான வரியை விட முடியவில்லை. அந்த நிமிஷம் அவர் பிரதியைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறியாததற்கு ஒரே காரணம், என் கண் மறுபடி அந்தப் பத்தியில் விழுந்தது. அதில் ஓர் 'ஏதோ' இருந்தது.

என் கதையில் இருந்த ஏதோவையும் எதையோவையும் எடுத்துவிட்டு, தன்னுடையதாக ஒன்றை விட்டு வைத்திருந்தார். மறந்து விடுகிற ஆள் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த 'ஏதோ'வுக்கு அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'என்ன?' என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

"வேண்டாம்" என்றார்.

"தெரிஞ்சா எழுதுங்க. தெரியலன்னா வரியையே எடுத்துடுங்க."

"உனக்குத் தாங்காது."

"இத்தன நாள் எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு நீங்க பாத்த லட்சணம் போதும். எழுதுங்க."

நாத்தனார், "டேய், வேணாம்டா" என்றார். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரோ தெரியவில்லை. என் கணவர் பேனாவை வாங்கினார். 'அப்பாவிடம் ஏதோ கேட்டாள்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே, தன் வழக்கமான சின்ன எழுத்தில் எழுதினார். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

'அறை வாசலில் நின்று, "தூக்குப்பா, அம்மாவுக்கு டாட்டா காட்டணும்" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.'

நான் வாளியைக் குளியலறையில்தான் வைத்திருக்கிறேன். அது தெரிந்துவிட்டால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கும், நாத்தனாரைப் பார்த்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்றெல்லாம் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஒன்றும் இறங்கவில்லை. கேட்க வாயும் வரவில்லை. பட்டாணி எதையோ எட்டிப் பார்க்க ஏறவில்லை. என்னைப் பார்க்க ஏறினாள். நான் கீழே நின்று, யாரையும் காணோமே என்று கொஞ்சம் அலுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். நான் அழுதேன். வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன்.

நாத்தனார் எழுந்து வந்து என் தோளில் கை வைக்கப் பார்த்தார். "வேண்டாம் அண்ணி" என்றேன். அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் சோபாவுக்குப் போய், மடித்து வைத்திருந்த துணியையே மறுபடி பிரித்து மடிக்க ஆரம்பித்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். தலைப்பையும் என் பேரையும் அவர் தன் விதிப்படி தொடாமல் விட்டிருந்தார். 'அம்மா மறந்த' என்பதை அடித்தேன். 'வாளி' என்று மட்டும் நின்றது. அதன் கீழே இருந்த என் பேரையும் அடித்துவிட்டு அவர் பேரை எழுதினேன்.

"இது என்னத்துக்கு?" என்றார்.

"துணி என்னோடது இல்லையே. நீங்க நெய்ததுக்கு என் பேர எதுக்குப் போடணும்?"

"அச்சுல வந்தா எல்லாரும் படிப்பாங்க. ஆபீஸ்ல படிப்பாங்க."

"படிக்கட்டும். அதுக்குத்தானே அச்சடிக்கிறாங்க. நீங்களே கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. பிடிக்கலையா, அடிச்சிடுங்க. பேனா உங்களோடதுதான்."

பேனாவை எடுத்தார். முனை அவர் பேரின் மேல் வந்து நின்றது. என் எழுத்தில் எதையும் யோசிக்காமல் அடிப்பவர், அன்றைக்கு யோசித்தார். பிறகு மேசைக்கு அடியில் விழுந்துகிடந்த மூடியைக் குனிந்து தேடி எடுத்து, பேனாவை மூடினார்.

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது தாளைப் பையில் வைத்துக்கொண்டார். நாத்தனாரும் கூடவே இறங்கிப் போனார். அவர்கள் போன பிறகு நான் பால்கனிக் கதவைத் திறந்தேன். பட்டாணி போன நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை, துணியைக்கூடக் கூடத்தில்தான் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் நிறுத்தத்தில் நின்று மேலே திரும்பிப் பார்த்தார். நான் கை ஆட்டவில்லை. அங்கே நிற்பவர்களின் முகம் இங்கிருந்து இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.